தாய் பெயர் இல்லாத பதிவேடு

மணப்பாட்டில் தெருவுக்குத் தெரு ஒரு பெர்னாண்டோ உண்டு. மிராண்டா, ரோச், மச்சாது, கொரைரா, கோமஸ், மோத்தா என்று இந்தக் கடற்கரையின் குடும்பப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் லிஸ்பன் நகரத்து டெலிபோன் டைரக்டரியைப் படிப்பது போல இருக்கும். வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: “உங்க முப்பாட்டனார் போர்ச்சுக்கீசியரா?”

இல்லை. 1530களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், கடலில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டுக்கு வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானத்தோடு வந்து ஒட்டிக்கொண்டவைதான் இந்தப் பெயர்கள். பரதவர்களுக்கு போர்ச்சுக்கீசியரிடம் போகச் சொல்லி வழி காட்டியவர் பெயர் ஜோவாம் தா குரூஸ். பெயரைக் கேட்டால் அசல் போர்ச்சுக்கீசியர் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் கோழிக்கோட்டுக்காரர், குதிரை வியாபாரி. 1513இல் லிஸ்பனுக்குப் போய் அங்கே ஞானஸ்நானம் வாங்கித் திரும்பியவர்.

ஆக, பெயர் ஒன்று, ரத்தம் வேறொன்று. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பெயரில் ஒரு அந்நியச் சாயலும் இருக்காது. வீட்டில் மட்டும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். “நம்ம பாட்டியோட பாட்டிக்கு ஒரு துரை இருந்தாராம். ஸ்காட்லாந்துக்காரராம்.” அந்தத் துரையைக் காகிதத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பல நேரங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு. ஆனால் அந்தத் தேடலின் பாதியில் வேறொரு ஆள் காணாமல் போயிருப்பது தெரியவரும். இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

*

ஏன் ஸ்காட்லாந்து? 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு அந்தச் சின்ன, ஏழை நாட்டுக்குப் பேரரசின் உத்தியோகங்கள் திறந்துவிட்டன. வீட்டு நிலம் மூத்த மகனுக்குப் போய்விடும். இளையவன் கப்பலேறுவான். தென்னிந்தியச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் வாரிச் சேர்த்த காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்தவர். சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். ஸ்காட்லாந்துக்காரர்கள் கும்பிடுவதற்கென்றே எழும்பூரில் 1821இல் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற பெரிய கோயிலே எழுந்தது.

தூத்துக்குடி 1825இல்தான் டச்சுக்காரர்களிடமிருந்து முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் பருத்தி, பஞ்சாலை, கொழும்புக் கப்பல். ஹார்வி மில் என்று நம் ஊர்க்காரர்கள் சொன்ன ஆலைகள் பின்னால் மதுரா கோட்ஸ் ஆயின. அந்தக் ‘கோட்ஸ்’, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நூல்காரக் குடும்பத்தின் பெயர். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையின் காப்பித் தோட்டங்களிலும் பிறகு தேயிலைத் தோட்டங்களிலும் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். அந்தத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று.

தேடலில் முதல் சிக்கல் ‘துரை’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நமக்கு வெள்ளைக்காரர் எல்லாருமே துரை. ஸ்காட்லாந்துக்காரர் என்று சொல்லப்படுகிறவர் ஸ்காட்லாந்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மணப்பாட்டுக்குத் தென்மேற்கே, அதே தேரிக்காட்டு நிலத்தில் இருக்கிறது இடையன்குடி. அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ராபர்ட் கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். படித்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். ஆனால் 1814இல் பிறந்தது அயர்லாந்தின் கிளாடி என்ற ஊரில். ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் எத்தனை நாள் தேடினாலும் அவர் பிறப்பு கிடைக்காது. அயர்லாந்திலோ 1821ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்து உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது. ஏழு வயதுப் பையன் ஒருவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய கணக்கு அது. பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் ஏடுகள் அந்தக் காப்பகத்தில் வைக்கப்படாததால் தப்பின. ஒரு ஆளின் பிறந்த ஊரை விட அவர் குடும்பம் எந்தச் சபை என்பது முக்கியமாகிவிடும் இடம் இது.

*

சரி, நம்ம துரை ஸ்காட்லாந்திலேயே பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதிர்ஷ்டம்தான். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஸ்காட்லாந்து ஒரு சொர்க்கம்.

1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்தது. அந்த முதல் வருஷம் அதிகாரிகளுக்கு ஆர்வம் தலைக்கேறிவிட்டது போலும். பிறந்த குழந்தையின் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், எப்போது எங்கே கல்யாணம் ஆனது, இதற்கு முன் எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். எழுதி மாளவில்லை, அடுத்த வருஷமே குறைத்துக்கொண்டார்கள். குறைத்த பிறகும் ஒன்று தங்கியது. திருமணப் பதிவில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தாயின் பெயரும், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருக்கும். எண்பது வயதில் செத்துப்போன கிழவனின் இறப்புப் பதிவில்கூட அவனைப் பெற்றவளின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணின் பழைய பெயரைப் பத்திரங்களிலும் கல்லறைகளிலும் விடாமல் எழுதிய நாடு அது.

1855க்கு முன்னால் சபைகளின் பதிவேடுகள்தான். மிகப் பழையது 1553ஆம் வருஷத்தது, பெர்த்ஷயரின் எரோல் ஊரைச் சேர்ந்தது. இவற்றில் ஓட்டைகள் உண்டு. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி போட்டார்கள். ஏழைகள் பலர் “பதியாமலே இருந்துட்டுப் போகட்டும்” என்று விட்டுவிட்டார்கள். 1794இல் வரியை எடுத்தார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிறந்த ஏழைப் பிள்ளைகளை ஏட்டில் தேடினால் கிடைக்காமல் போவது அதிகம்.

ஓட்டைகளைத் தாண்டிப் போக உதவும் ஒரு வழக்கம் நமக்கு அந்நியமானதே இல்லை. மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர். மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். ‘பெயரன்’ என்பதுதான் ‘பேரன்’ ஆனது என்று சொன்னால் ஸ்காட்லாந்துக்காரன் உடனே தலையாட்டுவான். பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக வைத்தால் தாத்தா பாட்டியின் பெயரை ஊகித்துவிடலாம். இன்னொன்று பட்டப்பெயர். அபர்டீனுக்கு வடமேற்கே உள்ள மீனவக் கிராமங்களில் ஒரே பெயர் கொண்ட ஆட்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். ஒருவரையொருவர் பிரித்துச் சொல்ல ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது அரசாங்க ஏடுகளிலும் ஏறியது. இதே வேலையை நம் கடலோர ஊர்களில் பட்டப்பெயர் இன்றைக்கும் செய்கிறது. நாலு அந்தோணி பெர்னாண்டோ இருக்கும் ஊரில் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விஷயம். கல்யாணமாகாமல் ஒருத்தி பிள்ளை பெற்றால் ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது? சபை மூப்பர்கள் கூடி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “யார் தகப்பன், சொல்லு.” அவமானமான விசாரணைதான், கொடுமையானதும்கூட. நோக்கம் ஒழுக்கம் பாதி, பணம் பாதி: தகப்பன் அகப்பட்டால் பிள்ளையின் செலவு சபையின் ஏழைநிதி மேல் விழாது. கேள்வியும் பதிலும் எழுதிவைக்கப்பட்ட அந்தக் குறிப்பேடுகளின் படங்கள் 2021 முதல் ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ இணையதளத்தில் கிடைக்கின்றன. 1855க்குப் பிந்தைய அரசுப் பதிவிலோ, அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். வராவிட்டால் அவளுடைய பெயர் மட்டும். அவள் நீதிமன்றம் போய் ஜெயித்தால் திருத்தப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்.

அதாவது, அங்கே ஒரு பிள்ளைக்குத் தாய் நிச்சயம், தகப்பன் சந்தேகம். ஏடும் அப்படியே சொல்கிறது.

*

இதே ஆள் கப்பலேறிச் சென்னைக்கு வந்ததும் ஏடு தலைகீழாகிறது.

சென்னை மாகாணத்தின் ஆங்கிலேயச் சபைகளில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் அவற்றின் வரிசை எண் என்/2. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களைத் தேடுவோருக்காக 1998இல் தொடங்கிய சங்கம் ஒன்று தன்னார்வலர்களை வைத்து இந்தப் பெயர்களை அட்டவணைப்படுத்தி வருகிறது. சென்னைப் பஞ்சாங்கம் போன்ற ஆண்டு நூல்களில் எந்தத் துரை எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தார் என்று பட்டியல் இருக்கும். மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்தார். உயில்கள் தனி வரிசை. துரையைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

அவர் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். தகப்பன் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாய்? பல பதிவுகளில் “சுதேசிப் பெண்” என்று ஒரு வார்த்தை. சிலவற்றில் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும்: ஒரு மேரி, ஒரு அன்னா. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, சாதி இல்லை. பலவற்றில் அந்த இடமே காலி. தன் தாயின் பிறந்த வீட்டுப் பெயரைச் சாகும்வரை சுமந்த ஒரு மனிதன், தன் பிள்ளைக்கு அந்த அரை வரியை எழுதவில்லை. பாதிரியாரும் கேட்கவில்லை. எழும்பூரில் ‘யார் தகப்பன்’ என்று விசாரிக்க மூப்பர்கள் கூட வேண்டிய அவசியமும் இல்லை, தகப்பன்தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

இந்த மனநிலை எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சொல் போதும்: அனாதை. ராணுவத்தாரின் பிள்ளைகளுக்காகச் சென்னையில் நடந்த ஆண்கள் அனாதை இல்லத்துக்கு 1789 முதல் 1796 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல். செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து அதையே ‘மெட்ராஸ் முறை’ என்று உலகமெங்கும் பரப்பியவர். அவர் பணத்தில் அவருடைய சொந்த ஊரில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றொரு பள்ளி இருக்கிறது. அந்த இல்லத்தில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் இந்தியப் பெண். தகப்பன் செத்தால் பிள்ளை அனாதை. தாய் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தாலும் அனாதைதான்.

*

இப்படிக் காணாமல் போன ஒரு தாய் எப்படித் திரும்பக் கிடைத்தாள் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஊர் சூரத். துரை, அபர்டீன்ஷயரின் பாய்ண்ட்லியைச் சேர்ந்த தியோடர் ஃபோர்ப்ஸ், பிறப்பு 1788. அவரோடு வாழ்ந்தவள் எலைசா கெவார்க். 1812இல் மகள் கேத்தரின் பிறந்தாள். சிறு வயதிலேயே அந்தப் பிள்ளையைத் தகப்பன் வீட்டுக்கு, ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எலைசா இந்தியாவிலேயே இருந்துவிட்டாள். ஃபோர்ப்ஸ் 1820இல் தாயகம் திரும்பும் கப்பலில் இறந்துபோனார். கேத்தரின் ஸ்காட்லாந்தில் வளர்ந்து, கல்யாணம் செய்து, 1893 வரை வாழ்ந்தார்.

காகிதங்களில் எலைசா ‘வீட்டு நிர்வாகி’. குடும்பத்தின் பேச்சில் ‘அர்மீனியப் பெண்’. அர்மீனியர் என்றால் கிறிஸ்தவர், கொஞ்சம் வெளுப்பு, அபர்டீன்ஷயர் வரவேற்பறையில் சொல்லிக்கொள்ளத் தோதான பதில். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பதில் நின்றது.

2013இல் அதை அசைத்தது எச்சில். தாய்வழி டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். எலைசாவின் மகள் கேத்தரின், கேத்தரின் மகள் ஜேன், ஜேன் மகள் ரூத், அந்த ரூத்தின் மகள் இன்னொரு ரூத், அவர் மகள் பிரான்சிஸ், பிரான்சிஸின் மகள் டயானா. ஆமாம், இளவரசி டயானாதான். ஒரு கண்ணிகூட ஆண் வழியாகப் போகாத சங்கிலி. அதே தாய்வழியில் வந்த உறவினர் இருவரின் எச்சிலைச் சோதித்தபோது கிடைத்தது ஆர்30பி என்ற வகை. தெற்காசியாவில் மட்டுமே, அதுவும் அரிதாகக் காணப்பட்ட வகை. எலைசாவின் தகப்பன் வழியில் அர்மீனியர் இருந்திருக்கலாம், ‘கெவார்க்’ அதற்கு ஏற்ற பெயர்தான். ஆனால் அவளைப் பெற்றவளின் வழி இந்தியாவைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் “இளவரசர் வில்லியமுக்கு இந்திய மூதாதை” என்று கொண்டாடின.

கொண்டாட்டத்தில் கவனிக்காமல் விட்டது ஒன்று: எலைசாவைத் தேடியதே அவள் சந்ததியில் ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை இருந்ததால்தான். தூத்துக்குடியிலோ நீலகிரியிலோ கண்டியிலோ இருந்த மற்ற எலைசாக்களுக்கு அப்படி ஒரு பேரன் வாய்க்கவில்லை.

*

“எச்சில் துப்பி அனுப்பினால் போதுமே, ஏன் இவ்வளவு ஏடு?” என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1830 வாக்கில் பிறந்த துரை, இன்று இருபத்தைந்து வயதில் இருக்கும் ஒருவருக்கு ஏறக்குறைய ஆறு தலைமுறை மேலே. அந்தப் படியில் ஒருவருக்கு 64 மூதாதையர். சராசரியாக ஒருவர் பங்கு ஒன்றரை சதவீதம். அதுவும் சராசரிதான். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக் குலுக்கல் மாதிரி பாதி விழுந்துபோவதால், அந்த ஒன்றரை சதவீதம் அரையாகவும் குறையலாம். சோதனை அறிக்கையில் ‘ஸ்காட்லாந்து 1%’ என்று வருவதும் வராததும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. மகன் வழியாகவே மகன் வந்திருந்தால் துரையின் ஒய் குரோமோசோம் தெரியும். மகள் வழியாகவே மகள் வந்திருந்தால் தெரியப்போவது அவருடைய துணைவியின் வழி. நடுவில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்திருந்தால் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

எந்த ஏட்டை? எல்லாரும் துரையின் ஏட்டுக்கே ஓடுகிறார்கள். இங்கேதான் மணப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

1563இல் திரிதெந்து திருச்சங்கம் கத்தோலிக்கப் பங்குகளில் பதிவேடு வைக்கச் சொன்னது. 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று வாசகத்தையே கொடுத்தது: பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய். முறையான கல்யாணத்தில் பிறக்காத பிள்ளையானால்? பெற்றோரில் யார் நிச்சயமாகத் தெரிகிறாரோ அவர் பெயரையாவது எழுது, அவமானம் வராதபடி எழுது என்கிறது அந்த நூல். நிச்சயமாகத் தெரிகிறவர் பெரும்பாலும் தாய்தான். ஆக முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி, துரைக்குப் பெற்ற பிள்ளையைத் தன் ஊர்க் கோயிலுக்குத் தூக்கி வந்திருந்தால், விதிப்படி அவள் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். துரை பெயர்தான் விடுபட்டிருக்கும்.

இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. பாதி உண்மை லண்டனில், பாதி இங்கே.

இங்கே தேடும்போது ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரை இரண்டு அதிகாரங்களுக்குக் கீழே பிரிந்து கிடந்தது. கோவாவைச் சார்ந்த பதுரவாதோ குருக்கள் ஒரு பக்கம். 1830களின் முடிவில் திரும்ப வந்த சேசு சபையார் இன்னொரு பக்கம். ஒரே ஊருக்குள்ளேயே குடும்பங்கள் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்த காலம். தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானது 1923இல்தான். “எங்க ஊர்க் கோயில் ஏட்டில் இல்லையே” என்று விட்டுவிடாமல், அந்தக் குடும்பம் அப்போது எந்தச் சாமியாரிடம் போனது என்று கேட்க வேண்டும்.

அவள் கத்தோலிக்கப் பெண்ணாக இல்லாமல், தோட்டத்துக்குப் போன இந்துக் குடும்பத்துப் பெண்ணாக இருந்தால்? அங்கே ஏடு இன்னும் இரக்கமில்லாதது. 1852இல் பதினேழு வயதில் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரை எல்லாரும் அறிவார்கள். கின்கார்டின்ஷயர்க்காரர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அதே தோட்டங்களில் உழைத்த தமிழர் பெயரில் எழுதப்பட்ட முக்கியமான காகிதத்துக்குப் பெயர் ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் பழைய துரை எழுதித் தர வேண்டிய சீட்டு அது: இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடுகிறேன். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும் வரை அது ஓடியது. ஒருவருக்கு வீட்டுக்கு எழுதிய கடிதம் மிஞ்சியது. இன்னொருவருக்குக் கடன் கணக்கு.

இதனால் ‘நம்ம வீட்டுத் துரை’யைத் தேடுவது வீண் என்று சொல்ல வரவில்லை. தேடுங்கள். அவர் பிறந்த பண்ணை, அவர் தாயின் பிறந்த வீடு, ஏன், அவர் பாட்டியை மூப்பர்கள் கேட்ட கேள்விகூடக் கிடைக்கலாம். எதுவும் கெட்டுப்போய்விடாது. அந்த ஏடுகள் குளிரூட்டப்பட்ட அறையில் இன்னும் இருநூறு வருஷம் இருக்கும். அவள் விஷயம் அப்படியில்லை. அவள் எந்த ஊர், எந்தக் கோயில், வீட்டுக்கு என்ன பட்டப்பெயர் என்பது எங்காவது ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியம்மாவின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவரிடம் போய் “அந்த வெள்ளைக்காரர் பேரு என்ன பெரியம்மா?” என்று கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் வரும். “அந்தப் பாட்டி பேரு என்ன, எந்த ஊரு?” என்று முதலில் கேளுங்கள்.